ஆண்டு நூலின் புதுப் பதிப்பு

(நமது சங்க வாசகசாலையின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று மாலை யான் பேசப் புகுந்த விஷயம் நம் சங்கத்து வரவுசெலவுக் கணக்கில் ஒரே ஒரு வரியாக நிற்பது. சென்ற மாதம் நிர்வாக சபையார் கூடிக் கணக்கைப் பார்வையிட்டபோது, “வாசகசாலைக்கு ஆண்டு நூல் வாங்கிய வகையில்” என்றதொரு செலவு படிக்கப்பட்டது. வயதிலும் அநுபவத்திலும் எனக்கு மூத்தவராகிய அங்கத்தினர் ஒருவர் எழுந்து, “அலமாரியிலே சென்ற வருஷத்துப் புத்தகம் கிழியாமல் இருக்கிறது. அதே பெயர், அதே கனம். மறுபடியும் ஒன்று எதற்கு?” என்று வினவினார். சிலர் நகைத்தனர். யான் நகைக்கவில்லை. பொதுப் பணத்தைச் செலவிடும் இடத்தில் எழ வேண்டிய கேள்வியே அது. அதற்கு அன்று என்னால் தக்க விடை கூற இயலவில்லை. வீடு சென்று சிந்தித்தேன். சிந்தித்ததன் பயனைத் தங்கள் முன் வைக்கத் தலைவரவர்கள் அநுமதி தந்துள்ளார்கள்.

ஆண்டுக்கொரு முறை புதிதாகப் பிறக்கும் நூல் நமக்குப் புதிதன்று. சித்திரை முதல் நாளில் பஞ்சாங்கம் படிக்கக் கேட்பது நம் முன்னோர் வழக்கம். திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்தையும் கணித்து, வரப்போகும் ஆண்டை முன்கூட்டியே வகுத்துரைப்பது அது. மேனாட்டார் அல்மனாக் என்று வழங்கும் நூலும் ஆதியில் அத்தன்மையதே. சூரியன் உதிக்கும் நாழிகை, சந்திரனது வளர்தல் தேய்தல், கடலின் ஏற்ற வற்றம் ஆகிய இவையே அதன் பொருள். அவற்றின் பின்னே, இடம் எஞ்சியிருந்தால், அரசர் பெயர், அதிகாரிகள் பட்டியல், தபால் கட்டணம் முதலியவற்றைச் சேர்த்தனர். 19-ஆம் நூற்றாண்டில் இந்தப் பின்பக்கங்கள் வளர்ந்து முன்பக்கங்களை விழுங்கிவிட்டன. வருவதைக் கணிக்கும் நூல் ஒன்றாகவும், நடந்ததை எண்ணிப் பதிக்கும் நூல் மற்றொன்றாகவும் பிரிந்தன. நாம் பேசுவது பின்னதைப் பற்றி.

அவ்வகை நூல்களுள் பெயர் பெற்றவை இரண்டு. ஒன்று அமெரிக்காவினது. நியூயார்க்கு நகரத்தில் ‘வேர்ல்டு’ என்றொரு தினசரிப் பத்திரிகை இருந்தது. அப்பத்திரிகையார் 1868-ஆம் ஆண்டில் ‘வேர்ல்டு அல்மனாக்’ என்ற பெயரால் 120 பக்கங்கொண்ட சிறு நூலொன்றை வெளியிட்டனர். பெயரிலுள்ள ‘வேர்ல்டு’ உலகத்தைக் குறித்ததன்று, பத்திரிகையைக் குறித்தது. அந்நாட்டின் உள்நாட்டுப் போர் முடிந்து மூன்றாண்டே சென்றிருந்த காலம் அது. எட்டாண்டுகள் வந்த பின், 1876-இல் அந்நூல் நின்றுபோயிற்று. ஜோசப் புலிட்சர் என்பார் 1883-இல் அப்பத்திரிகையை விலைக்கு வாங்கி, 1886-இல் அல்மனாக்குக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். அன்றுதொட்டு ஆண்டு தவறாமல் அது வெளிவந்து கொண்டிருக்கிறது. ‘உண்மைகளின் புத்தகம்’ என்னும் பொருள்படும் அடைமொழி 1923-இல் அதன் பெயரோடு சேர்ந்தது.

இந்தப் புலிட்சரைப் பற்றி ஒரு வார்த்தை கூற விரும்புகிறேன், நாம் கூடியிருப்பது ஒரு வாசகசாலையாதலின். அவர் ஹங்கேரி நாட்டிற் பிறந்தவர். 1864-இல், பதினேழு வயதில், கூலிச் சிப்பாயாக அமெரிக்கா வந்தார். ஆங்கிலம் அறியார். போருக்குப் பின் செயின்ட் லூயி நகரில் கிடைத்த வேலையைச் செய்துகொண்டு, அவ்வூர் வர்த்தகர்கள் நடத்திய நூலகத்திலே அமர்ந்துதான் ஆங்கிலமும் சட்டமும் பயின்றார். வெறுங்கையோடு வந்தவனுக்கு நூலகத்து மேசையின் அருமை தெரியும். ‘அறிய வேண்டுவன யாவும் ஒரே நூலில், மலிவான விலையில்’ என்ற எண்ணம் அம்மேசையிலேதான் அவர் உள்ளத்தில் முளைத்திருக்கும் என்பது என் ஊகம். ஊகமென்றே கொள்க.

மற்றொன்று இங்கிலாந்தினது. ஜோசப் விட்டேக்கர் என்னும் புத்தக வியாபாரி ஒரு மாதப் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்த காலத்தில், வாசகர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு விடை எழுதும் பொருட்டுக் குறிப்புகளைத் திரட்டி வைத்திருந்தார். அக்குறிப்புகளே பின்னர் அவர் பெயரால் வழங்கும் அல்மனாக்குக்கு வித்தாயின. 1869-ஆம் ஆண்டுக்குரிய முதற்பதிப்பு 1868 டிசம்பரில் வெளிவந்தது. வெளிவருமுன்பே 36,000 பிரதிகளுக்கு முன்பதிவு ஆகியிருந்ததாம். 1878-இல் எகிப்து தேசத்துத் தூணொன்றை லண்டனில் தேம்ஸ் நதிக்கரையிலே நாட்டியபோது, பிற்காலத்தார் தோண்டியெடுத்துத் தங்கள் காலத்தை அறிய வேண்டும் என்று சில பொருள்களை அடியிலே புதைத்தார்கள். அவற்றுள் விட்டேக்கர் அல்மனாக்கின் பிரதியும் ஒன்று. 1940 டிசம்பர் 29 இரவில் பகைவர் விமானங்கள் லண்டன் மீது குண்டு வீசியபோது, அந்நூலார் காரியாலயமும் அவர்கள் திரட்டி வைத்திருந்த நூலகமும் எரிந்து சாம்பலாயின. எனினும் பதிப்பு நிற்கவில்லை. போர் நிறுத்த முடியாத அந்நூலைக் காலம் நிறுத்திற்று. 2021-ஆம் ஆண்டுக்குரியதே கடைசியாக வெளிவந்த பதிப்பு. நம் மூத்த அங்கத்தினரின் கேள்வியை அந்நாட்டு வாசகரும் கேட்டிருப்பார்கள் போலும்.

நிற்க. புதுப் பதிப்பு என்பது யாது? பழைய புத்தகத்தின் அட்டையிலே ஆண்டை மாற்றி ஒட்டுவதுதானே என்று பலர் நினைக்கின்றனர். ஈய எழுத்துக் காலத்தில் இந்நினைவுக்குச் சிறிது இடமுண்டு. ஆண்டுதோறும் வரும் நூல்களுக்குக் கோத்த பக்கங்களைக் கலைத்துவிடாமல், கயிற்றால் கட்டிப் பத்திரப்படுத்தி வைப்பார்கள். அடுத்த ஆண்டில் மாற வேண்டிய வரியை மட்டும் பிடுங்கி, வேறு வரி கோத்து அச்சிடுவார்கள். எழுத்து மிச்சம், கூலி மிச்சம். ஆயின் பிழையும் அங்கேதான் பிறக்கும். மந்திரியின் பெயர் மாறும், அவர் பதவியேற்ற தேதி பழைய மந்திரியினுடையதாகவே நின்றுவிடும். இறந்தவர் இன்னொரு பக்கத்தில் உயிரோடிருப்பார். ஒரு பக்கம் மிகுந்தால் பின்வரும் பக்கவெண்கள் எல்லாம் நகரும், பொருளடைவிலே ஆயிரம் எண்களை மறுபடி திருத்த வேண்டும். இன்று கயிறும் ஈயமும் இல்லை. திருத்த மறந்த வரி மட்டும் இன்றும் உண்டு. ஆகவே நல்ல பதிப்பாசிரியன் மாறிய வரியைத் தேடுவதோடு அமையான். ஒவ்வொரு வரியையும் எடுத்து, ‘நீ இன்னும் மெய்தானா?’ என்று கேட்பான். மாறாதது என்று கண்டு அப்படியே விட்ட வரிக்கும் மாற்றிய வரிக்குச் சமமான உழைப்பு செலவாகியிருக்கும். வாசகன் கண்ணுக்கு அது தெரியாது. “அதே புத்தகம்” என்பான்.

மலை மாறுமா என்று கேட்கலாம். எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 1856-இல் 29,002 அடி என்று வெளியிடப்பட்டது. 1955-இல் இந்திய நில அளவைத் துறையார் மறுபடி அளந்து 29,028 அடி, அதாவது 8,848 மீட்டர் என்றனர். 2020 டிசம்பர் 8-ஆம் நாள் நேபாளமும் சீனமும் கூடி 8,848.86 மீட்டர் என்று அறிவித்தன. வேறுபாடு பெரும்பாலும் அளப்பவரின் கருவியினால் வந்தது. கிரகங்களின் கதையும் இதுவே. 1930-இல் புளூட்டோவைக் கண்டபின் ஒன்பது என்று எழுதினர். 2006 ஆகஸ்டு 24-இல் வான நூலார் கூடி அதனைக் கிரக வரிசையினின்று நீக்கினர். வானத்தில் ஒன்றும் நிகழவில்லை. நூலில் ஒரு வரி குறைந்தது.

மலையும் வானமுமே இப்படியெனின், மனிதர் வகுத்த எல்லைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. இங்கே என் பிழையொன்றை வெளியிடக் கடமைப்பட்டிருக்கிறேன். யான் பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதை அறிவீர்கள். சில ஆண்டுகளுக்கு முன், நம் சமூகத்துப் பையன் ஒருவன் உபகாரச் சம்பளத் தேர்வு ஒன்றுக்குப் படிக்க வேண்டி என்னிடம் ஆண்டு நூல் கேட்டான். அவன் தந்தையார் சரக்கு வண்டி ஓட்டுபவர். புதிய பதிப்பு வாங்க அவர்களுக்கு வசதியில்லை. என் வீட்டில் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பு இருந்தது. “இதைப் படி தம்பி, உள்ளே எல்லாம் ஒன்றுதான்” என்று சொல்லிக் கொடுத்தேன். தேர்விலே, இந்தியாவில் மாநிலங்கள் எத்தனை, மத்திய ஆட்சிப் பகுதிகள் எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள். பையன் 29, 7 என்று எழுதினான். யான் கொடுத்த நூலில் அவ்வாறே இருந்தது, அந்நூல் அச்சான நாளில் அது சத்தியமே. ஆயின் 2019 அக்டோபர் 31-இல் ஜம்மு காஷ்மீரம் மாநில நிலை நீங்கி இரு பகுதிகளாயிற்று. கணக்கு 28, 9 என்றாயிற்று. அடுத்த 2020 ஜனவரி 26-இல் தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும் ஒன்றாக இணைந்து, 28, 8 என்று மறுபடியும் மாறிற்று. ஒரே மதிப்பெண்ணால் அவ்வாண்டு அவனுக்கு உபகாரச் சம்பளம் கைநழுவியது. என்னிடம் வந்து, “ஐயா, உங்கள் புத்தகத்திலே 29 என்றுதானே இருந்தது?” என்றான். கோபமாகக் கேட்கவில்லை, சந்தேகமாகத்தான் கேட்டான். அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது. புத்தகம் பொய் சொல்லவில்லை, தம்பி. நான்தான் அதன் ஆண்டை மறைத்துக் கொடுத்தேன் என்று சொன்னேன்.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. தெலுங்கானா பிரிந்தது 2014 ஜூன் 2-இல். அதற்கு முந்திய 2013-ஆம் ஆண்டுப் பதிப்பை யான் கொடுத்திருந்தால், அதில் மாநிலங்கள் 28 என்றே இருக்கும். பாதி விடையேனும் சரியாகியிருக்கும்! ஆயின் அந்த 28 வேறு, இந்த 28 வேறு. முந்தியதில் ஜம்மு காஷ்மீரம் உண்டு, தெலுங்கானா இல்லை. எண் ஒத்திருந்தும் பொருள் ஒவ்வாத நிலை. 2020-ஆம் ஆண்டுக்கென முந்திய ஆண்டின் கடைசி மாதங்களில் அச்சேறி, 9 என்று பதித்து வந்த நூல் எதுவாயினும், புத்தாண்டின் 25 நாள் மட்டுமே அந்த வரியிற் செவ்வையாக இருந்திருக்கும். அதனால்தான் நாணயமுள்ள பதிப்பாசிரியர்கள், இன்ன தேதி வரையிற் கிடைத்த செய்திகளே இந்நூலில் உள்ளன என்று முகப்பிலே எழுதிவிடுகிறார்கள். நம்மவர் அந்தப் பக்கத்தைப் படிப்பதேயில்லை.

புதியது வந்ததும் பழையதை எடைக்குப் போட்டுவிடலாமோ எனில், கூடாது என்பேன். துப்பறியும் கதைகளில் விருப்பமுள்ள இளைஞர்களுக்காக ஓர் உதாரணம். கோனன் டாயில் எழுதி 1914, 1915-ஆம் ஆண்டுகளில் தொடராக வந்த ‘வேலி ஆப் பியர்’ என்ற நாவலின் தொடக்கத்தில், ஷெர்லாக் ஹோம்ஸுக்கு எண்களாலாகிய இரகசியக் கடிதமொன்று வருகிறது. ஏதோ ஒரு நூலின் பக்கத்தையும் சொற்களையும் அவ்வெண்கள் குறிக்கின்றன. எல்லார் வீட்டிலும் இருக்கக் கூடியதும், பக்கம் மிகுந்ததும், இருபத்தியாக அச்சிட்டதுமான நூல் எது என்று ஆராய்ந்து, விட்டேக்கர் அல்மனாக்கே என்று துணிகிறார். எடுத்துப் பார்த்தால் பொருளற்ற சொற்கள் வருகின்றன. பிறகுதான் தெரிகிறது: அன்று ஜனவரி 7. தாம் புதுப் பதிப்பை உடனே வாங்கி வைத்துவிட்டார், கடிதம் எழுதியவன் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறான். பழையதைத் திறந்ததும் செய்தி விளங்கிவிடுகிறது. ஹோம்ஸ் பழையதை எடைக்குப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

கதையை விட்டு நம் நாட்டுக்கு வருவோம். சென்னையில் 19-ஆம் நூற்றாண்டிலே, ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதியைச் சார்ந்த அச்சகம் ஒன்று, ‘அசைலம் பிரஸ் அல்மனாக்’ என்ற ஆண்டு நூலை வெளியிட்டு வந்தது. கவர்னர் முதல் கீழ் உத்தியோகஸ்தர் வரையிலும், இராணுவத்தார், வர்த்தகர், ஐரோப்பியக் குடிகள் ஆகியோரும் அதிலே வரிசையாக இடம்பெற்றிருப்பர். இன்று இங்கிலாந்திலிருந்து தம் பாட்டன்மாரைத் தேடுவோர் அப்பழைய பதிப்புகளை ஆண்டுவாரியாகப் புரட்டி, இன்னார் இந்த ஆண்டில் இந்த ஊரில் இருந்தார், அடுத்த ஆண்டில் இல்லை என்று கண்டறிகின்றனர். நம் பாட்டன்மாரை அதிலே தேடினால் பெரும்பாலும் கிடையார். அச்சிட்டவர்கள் தாங்கள் யாரை எண்ணத் தக்கவராகக் கருதினார்களோ அவர்களை எண்ணினார்கள். பழைய ஆண்டு நூல் அவ்வகையில் இருமுறை பேசும்: உள்ளதைக் கூறுவது ஒன்று, விட்டதைக் காட்டுவது மற்றொன்று.

இனி, சற்றுக் கசப்பான செய்தி. சகோதரர்கள் பொறுத்தருள வேண்டும். நம் மேடைகளிலே நம் சமூகத்தின் தொகை இவ்வளவு லட்சம் என்று முழங்குகிறோம். மாநாட்டுக்கு மாநாடு அத்தொகை ஏறிக்கொண்டே போகிறது. அந்த எண்ணின் ஆண்டு எது என்று எவரேனும் கேட்டதுண்டா? இந்தியா முழுமைக்கும் எல்லாச் சாதியாரையும் தனித்தனியே எண்ணி முழுமையாக வெளியிட்ட மக்கட்கணக்கு 1931-ஆம் ஆண்டினது. அதன் பின் 2011 வரையில் நடந்த கணக்குகளில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினருமே தனியே எண்ணப்பட்டனர். அடுத்த கணக்கிலே சாதியும் கேட்கப்படும் என்று மத்திய அரசினர் 2025-இல் அறிவித்தனர். ஆகவே நாம் முழங்கும் எண்ணுக்கு அடிப்படை ஒன்று இருக்குமாயின் அது 1931-இன் எண்ணை ஒருவர் தம் விருப்பம்போற் பெருக்கியதே. பெருக்குவதும் தவறன்று, இவ்வாறு பெருக்கினோம் என்று சொல்வோமானால். அரசாங்கத்தார் அவ்வாறு சொல்கிறார்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டு மக்கள் தொகை முதலில் 7,21,38,958 என்று தற்காலிகமாக வெளியாயிற்று. பின்னர் 7,21,47,030 என்று முடிவாயிற்று. வேறுபாடு 8,072 பேர். ஏழு கோடியில் எட்டாயிரம் எம்மாத்திரம் என்று விடாமல், முன்னது தற்காலிகம், பின்னது முடிவு என்று பெயரிட்டு இரண்டையும் அச்சிலே வைத்தார்கள். நம் சங்க அறிக்கையில் அச்சிடும் தொகைக்கும் அத்தகைய பெயரொன்று வேண்டும். இதைச் சொல்வதால் சங்கத்தின் பெருமை குறையும் என்று எண்ணுபவர்கள் என்னைத் தனியே சந்திக்கலாம்.

“கைத்தொலைபேசியிலே எல்லாம் வருகிறதே” என்று இளைஞர் சிலர் என்னிடம் சொன்னார்கள். மெய்தான். இன்றைய முதலமைச்சர் யார், இன்றைய விலை என்ன என்பதற்கு யானும் பேரனைத்தான் கேட்கிறேன், அவன் தொலைபேசியைத்தான் கேட்கிறான். புத்தகத்தைவிட அது விரைவானது என்பதில் வாதமில்லை. ஆயின் அதிலே நேற்றிருந்த வரி இன்று மாறினால், நேற்று என்ன இருந்தது என்பது அந்தப் பக்கத்தைப் பார்ப்பவனுக்குத் தெரிவது அரிது. விடை வருகிறது, அது எந்த ஆண்டின் விடை என்பதைத் தேடித்தான் காண வேண்டும். புத்தகமோ தன் ஆண்டை முதுகிலே சுமந்து நிற்கிறது. தவறினால், இன்ன பதிப்பு, இன்ன பக்கம் என்று சுட்டிக் கேட்கலாம். நம் பையனுக்கு யான் செய்த தீங்கையும் அவ்வாறு சுட்டித்தான் கண்டுபிடித்தோம்.

ஆதலின் நிர்வாக சபையாருக்கு மூன்று விண்ணப்பங்கள் உண்டு. ஆண்டு நூல் வாங்கும் செலவை நிறுத்த வேண்டா. பழைய பதிப்புகளை விற்க வேண்டா. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் கைக்குப் புதியதும், ஆராய்வோர் கைக்குப் பழையதும் செல்லும்படி இரண்டுக்கும் தனித்தனி அலமாரி வைக்க வேண்டும். பழையதன் அட்டையிலே, “இஃது இன்ன ஆண்டின் நிலை” என்று சிவப்பு மையால் எழுதி ஒட்டும் வேலையை யானே ஏற்றுக்கொள்கிறேன். மூத்த அங்கத்தினர் அவர்கள் செலவைப் பற்றி எழுப்பிய வினாவுக்கும் விடை வேண்டுமன்றோ? இவ்வாண்டுப் பிரதியின் விலையை என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன். அந்தப் பையனுக்கு யான் பட்ட கடன் அது. அடுத்த ஆண்டிலிருந்து சங்கத்தார் பார்த்துக்கொள்க.

நேற்று மாலை நூலகரோடு அமர்ந்து அலமாரியை ஒழுங்கு செய்தோம். 2004, 2009, 2010 ஆகிய மூன்று ஆண்டுகளின் பதிப்புகள் காணவில்லை. 1998-ஆம் ஆண்டினது இருக்கிறது, ஆயின் நடுவிலே கறையான் தின்றிருக்கிறது. தங்கள் இல்லங்களில் பரணிலோ பெட்டியிலோ இவை இருக்குமாயின், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி முதல் நூலகரிடம் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.